உன் பொத்தானை நீ தொடாதே!

‘ஓட்டைக் குடை’ என்று சொன்னால் உங்களுக்கு மழையில் நனைந்த சட்டைதான் ஞாபகத்துக்கு வரும். வாலுவின் தெருவில் போய் அதையே சொல்லிப் பாருங்கள். மளிகைக் கடைக்காரர் முதல் செய்தித்தாள் போடுகிறவர் வரை தலையை ஆட்டிக்கொண்டு ஒரு மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஏனென்றால் ‘ஓட்டைக் குடை’ என்பது ஓர் இசைக்குழு.

சொந்தமாகப் பாட்டு எழுதுவார்கள். சொந்தமாக மெட்டுப் போடுவார்கள். அவர்களே வாசித்து, அவர்களே பாடி, அவர்களே இணையத்தில் வெளியிடுவார்கள். பின்னால் பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் வாலு வீட்டு கார் ஷெட் ஒன்றுதான். அந்த ஷெட்டில் கார் நின்று யாரும் பார்த்ததில்லை. சுவர் முழுக்கப் பழைய மெத்தையும் கம்பளியும் தொங்கும். சத்தம் வெளியே போகாமல் இருக்கத்தான். ஆனாலும் போகும்.

குழுவில் மொத்தம் நான்கு பேர். டிரம்ஸ் வாசிப்பது வாலுவின் சொந்த அக்கா. பகலில் பல் மருத்துவமனையில் உட்கார்ந்து, “அடுத்தவங்க வரலாம்” என்று பூ மாதிரி பேசுவாள். மாலையில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால், அடேயப்பா, இது அதே அக்காதானா என்று வாலுவுக்கே சந்தேகம் வரும்.

கிடார் வாசிப்பவர் நெட்டை அண்ணன். லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஷெட் கதவில் குனிந்துதான் நுழைவார், அப்படியும் இடித்துக்கொள்வார். பாடுவது பாட்டுக்கார அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

இன்னொருவர் பேஸ் கிடார் வாசிப்பவர். தடித்த கம்பிகள் உள்ள கிடார் அது. பாட்டுக்கு அடியில் ‘தும்... தும்...’ என்று ஒலிக்கும். அவருக்கு ரொட்டிக் கடையில் வேலை. எதைக் கேட்டாலும் “உம்” என்பார். சாப்பிட்டீங்களா? உம். மழை வருமா? உம். அதனால் அவர் பெயரே உம் அண்ணன்.

அப்புறம் வாலு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். அவள்தான் குழுவின் முதல் ரசிகை. இதை அவளேதான் சொல்லிக்கொள்கிறாள், ஆனால் இதுவரை யாரும் மறுத்ததில்லை.

புதுப் பாட்டு எது வந்தாலும் முதலில் வாலுவுக்குத்தான் போட்டுக் காட்டுவார்கள். போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், காலைப் பார்ப்பார்கள். கால் தானாக ஆடினால் பாட்டு தேறிவிட்டது. ஆடவில்லை என்றால் நான்கு பேரும் முகம் தொங்கிப் போய், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஒரு தடவை அக்கா மேல் இருந்த பாசத்தில் வாலு வேண்டுமென்றே காலை ஆட்டினாள். “இது பொய்யாட்டம்!” என்று பாட்டுக்கார அக்கா கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

இப்போது ‘பக்கத்து வீட்டு வெளிச்சம்’ என்று ஒரு புது ஆல்பம் தயாராகிக்கொண்டிருந்தது. என்ன பாட்டுகள் தெரியுமா! ஒன்று கேட்டால் ஓடத் தோன்றும். இன்னொன்று கேட்டால் காரணமே இல்லாமல் யாரையாவது கூப்பிட்டுப் பேசத் தோன்றும். எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாட்டு. ‘படிக்கட்டு’.

மேல் மாடியில் ஒருவன், கீழ் வீட்டில் ஒருத்தி. இரண்டு பேரும் நண்பர்கள். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். ஒரு நாள் அவன் இறங்க, அவள் ஏற, பாதிப் படியில் சந்தித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் பாட்டு. ஆனால் வாலுவைக் கேட்டால் உலகத்திலேயே நல்ல பாட்டு அதுதான் என்பாள்.

அன்று சனிக்கிழமை. பாட்டை அன்று மாலைக்குள் வெளியிடும் இணையதளத்துக்கு அனுப்பியாக வேண்டும். மறுநாள் காலையில் ஆல்பம் வெளியாகிறது என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

வாலுவின் சித்தப்பாவுக்கு ஒலிப்பதிவுதான் தொழில். அவர் காலையிலிருந்து மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேஜை அகலத்துக்கு இருக்கும் கருவி அது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மேலும் கீழும் நகர்கிற ஒரு பொத்தான். மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். கிடாருக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று, டிரம்ஸுக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று.

“எல்லாம் சரியா வந்திருச்சு. சாப்பிட்டு வந்து கடைசியா ஒரு தடவை கேட்டுட்டு அனுப்பிடலாம்” என்று சொல்லிவிட்டு சித்தப்பா எழுந்து போனார். வாலு மூலையில் சுருட்டி வைத்திருந்த மெத்தை மேல் படுத்துக்கொண்டு படக்கதை படித்துக்கொண்டிருந்தாள்.

கதவு மெதுவாகத் திறந்தது. நெட்டை அண்ணன் பூனை மாதிரி உள்ளே வந்தார். கிடார் பொத்தானை ஒரு துளி மேலே தள்ளினார். திரும்பினால் வாலு!

“ஒரு மயிரிழைதான் வாலு. யாருகிட்டயும் சொல்லாதே, என் தங்கம்ல?”

“சரி, சொல்ல மாட்டேன்” என்றாள் வாலு. அவளுக்குச் சிரிப்பாக இருந்தது.

அவர் போய், வாலு இரண்டு பக்கம் படிப்பதற்குள் பாட்டுக்கார அக்கா வந்தார். குரல் பொத்தானை ஏற்றினார். “டீச்சர் இப்படிச் செய்யலாமான்னு கேட்காதே. கேட்டா பெருக்கல் கணக்கு தருவேன். யாருக்கும் சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

அப்புறம் உம் அண்ணன் வந்தார். பேஸை ஏற்றினார். வாலுவைப் பார்த்து உதட்டின் மேல் விரல் வைத்தார். வாலு தலையை ஆட்டினாள். அடுத்து வந்தது யார்? சொந்த அக்காவேதான்! “எல்லாரும் ஏத்தியிருக்காங்க பாரு, திருட்டுப் பசங்க!” என்று டிரம்ஸை ஏற்றிவிட்டு, அவளும் வாலுவிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்து நெட்டை அண்ணன் மறுபடியும் வந்து பார்த்தார். “ஓஹோ, அப்படியா சேதி!” என்று கிடாரை இன்னும் ஒரு பிடி ஏற்றினார்.

சித்தப்பா திரும்பி வந்தார். நால்வரும் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது.

ஐயையோ! சமையலறைப் பாத்திரம் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே விழுந்தது போல் இருந்தது. எது கிடார், எது குரல் என்றே தெரியவில்லை. சித்தப்பா காதைப் பொத்திக்கொண்டு நிறுத்தினார். வாலுவின் கால் அசையவே இல்லை.

“யார் கை வெச்சது?” என்றார் சித்தப்பா.

வாலு கூரையைப் பார்த்தாள். நான்கு பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாளே!

“டிரம்ஸ்தான் காதைக் கிழிக்குது” என்றார் நெட்டை அண்ணன்.

“கிழிக்குதா? உங்க கிடார் கத்துற கத்துல டிரம்ஸ் இருக்கிறதே தெரியல!” என்றாள் அக்கா.

“பாடறவ ஒருத்தி இருக்கான்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?” என்று பாட்டுக்கார அக்கா வகுப்பறைக் குரலில் கேட்டார்.

“பேஸ் கேட்கவே இல்ல” என்றார் உம் அண்ணன். அவரே பேசிவிட்டார் என்றால் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது, பாருங்கள்!

“டிரம்ஸ்னா பின்னாடி சும்மா தட்டிக்கிட்டு இருக்கணும். முன்னாடி வந்து நிக்கக் கூடாது” என்றார் நெட்டை அண்ணன்.

அக்காவின் முகம் சிவந்தது.

“சும்மா தட்டறேனா? சரி. சும்மா தட்ட வேற ஆளைப் பார்த்துக்கோங்க. நான் இந்தக் குழுவுலயே இல்லை.”

அதற்குப் பிறகு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “இவங்க கேட்டு ‘சரி’ன்னு சொல்லாம நான் எப்படி அனுப்புறது? ஆல்பமே வேணாம்னு எழுதிட வேண்டியதுதான்.”

முதலில் வாலுவுக்குச் சிரிப்பாக இருந்ததே, அதை நினைத்தால் இப்போது அழுகை வந்தது. இந்த ஷெட்டில் இனிமேல் பாட்டே கேட்காதா? நெட்டை அண்ணன் தலையை இடித்துக்கொள்ள மாட்டாரா?

அக்கா டிரம்ஸின் பித்தளைத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். வாலு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, ‘படிக்கட்டு’ உனக்குப் பிடிக்காதா?”

“பிடிக்காமலா இத்தனை நாள் உயிரை விட்டேன்?”

“அதுல எந்த இடம் ரொம்பப் பிடிக்கும்?”

டிரம்ஸ் வருகிற இடத்தைத்தான் அக்கா சொல்வாள் என்று வாலு நினைத்தாள்.

அக்கா யோசிக்கவே இல்லை. “கடைசில அவ ‘பாதிப் படியில் நீ’ன்னு பாடறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பா. அவ்வளவு சின்ன மூச்சு. அது கேக்கணும்னே நான் அங்க குச்சியைத் தூக்கி நிறுத்திடுவேன். இந்த இரைச்சல்ல அது எங்க கேட்டுச்சு?” என்று சொல்லிவிட்டு மறுபடியும் துணியைச் சுற்றினாள்.

வாலு எழுந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பாட்டுக்கார அக்காவிடம் ஓடினாள். அதே கேள்வியைக் கேட்டாள்.

“பேஸ்தான்” என்றார் அவர். “எனக்கு மேல் ஸ்தாயில பாட பயம், தெரியுமா? அடியில அந்த ‘தும்... தும்...’ கேட்டுச்சுன்னா தரை மாதிரி இருக்கும். காலை ஊன்றிப் பாடிடுவேன்.”

உம் அண்ணன் குழாயடியில் கழுவின குவளையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

“உம் அண்ணா, உங்களுக்குப் பாட்டுல எந்த இடம் பிடிக்கும்?”

“உம்...” என்று இழுத்தார். பிறகு குவளையைக் கீழே வைத்தார். “கடைசில கிடார் ஒத்தைக் கம்பியில வரும் பாரு. அதை அவன் வாசிக்கிறப்ப எல்லாம் எனக்கு ஊர்ல இருக்கிற என் தம்பி ஞாபகம் வரும். நான் நெட்டைகிட்ட இதைச் சொன்னதில்ல.”

இவ்வளவு நீளமாக அவர் பேசி வாலு கேட்டதே இல்லை. சந்தோஷத்தில் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓட ஆரம்பித்தாள்.

நெட்டை அண்ணன் வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். கோபத்தில் உதைத்தால் எந்த வண்டி கிளம்பும்? கேள்வியைக் கேட்டதும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. “பேஸ். அவன் வாசிக்கிறது மாதிரி வேற யாரும் வாசிக்க முடியாது.”

“டிரம்ஸ்ல ஏதாவது?” என்று வாலு மெதுவாகக் கேட்டாள்.

“டிரம்ஸ்ல என்ன இருக்கு?”

வாலு கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். யார் பொத்தானை ஏற்றினார்கள் என்று சொல்லக் கூடாது. அது வாக்கு. ஆனால் இதைச் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

“நெட்டை அண்ணா, நீங்க வாசிக்கிற ஒத்தைக் கம்பியைக் கேட்டா உம் அண்ணனுக்கு அவர் தம்பி ஞாபகம் வருமாம். இப்பதான் சொன்னார்.”

உதைத்த கால் அப்படியே நின்றது. “அவனா? அவன் வாயைத் திறந்து சொன்னானா?” ஹெல்மெட்டைக் கழற்றினார். “வேற என்ன சொன்னான்?”

“உள்ள வந்து நீங்களே கேளுங்க.”

அப்படியே குழாயடிக்கும் போனாள், மாடிப்படிக்கும் போனாள். ‘காலை ஊன்றிப் பாடிடுவேன்’ என்றதைக் கேட்டு உம் அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. தன் மூச்சுக்காக ஒருத்தி குச்சியைத் தூக்கி நிறுத்துகிறாள் என்று பாட்டுக்கார அக்காவுக்கு இதுவரை தெரியவே தெரியாது. “அவ தாளத்துக்குத்தான் நிறுத்தறான்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்!” என்று எழுந்துவிட்டார்.

கடைசியில் அக்காவிடம் வந்தாள்.

“எல்லார்கிட்டயும் கேட்டியா?” என்றாள் அக்கா. “என்னைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையா?”

ஒரு பொய் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அக்காவிடம் பொய் சொல்ல வாலுவுக்கு வரவில்லை.

“இன்னும் இல்ல அக்கா. ஆனா நீ இல்லாட்டி அந்த மூச்சு யாருக்கும் கேட்காதே!”

அக்கா கழற்றி வைத்த தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு எழுந்தாள். “அந்தப் பாட்டுக்காக மட்டும்தான் வர்றேன். நெட்டைக்காக இல்ல.”

மிக்ஸர் முன்னால் எல்லோரும் கூடினார்கள். யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. வாலு சித்தப்பாவின் நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

“அவங்கவங்க சத்தத்தை அவங்கவங்க ஏத்தினா நாலும் ஏறிக்கிட்டேதான் போகும். எங்க கிளாஸ்ல எல்லாரும் ‘மிஸ், நான் மிஸ்’னு கத்தினா மிஸ்ஸுக்கு ஒண்ணுமே கேட்காது, அது மாதிரி. யார் ஏத்தினாங்கன்னு நான் சொல்லல!”

நான்கு பேரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். சித்தப்பாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“அதனால இனிமே ஒரு சட்டம்” என்றாள் வாலு. “உன் பொத்தானை நீ தொடக் கூடாது. அக்கா குரலைப் பார்த்துக்கணும். பாட்டுக்கார அக்கா பேஸைப் பார்த்துக்கணும். உம் அண்ணன் கிடார். நெட்டை அண்ணன்...” என்று அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தாள். “டிரம்ஸ்.”

“நானும் பேஸ்தானே சொன்னேன்!”

“பேஸுக்கு ஆள் இருக்கு. டிரம்ஸுக்குத்தான் ஆள் இல்ல.”

அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நெட்டை அண்ணன் முனகிக்கொண்டே டிரம்ஸ் பொத்தான் மேல் விரலை வைத்தார்.

“முதல்ல அதை மட்டும் தனியா கேளு. மத்ததை அணைச்சிடறேன்” என்றார் சித்தப்பா.

ஷெட் முழுக்க டிரம்ஸ் மட்டும் ஒலித்தது. நெட்டை அண்ணன் அசுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் சரணம் போனது. இரண்டாவது சரணம் வந்தது. டிரம்ஸின் விளிம்பில் குச்சி நுனியால் தொட்டது போல் ஒரு சத்தம். டக்... டக்... டக்டக்... டக்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க” என்றார் நெட்டை அண்ணன். “அது என்ன?”

அக்கா திரும்பாமலேயே பதில் சொன்னாள். “ரெண்டாவது சரணத்துல அவன் படி இறங்கி வர்றான்ல? அவன் காலடி. நடுவுல ஒரு தடவை தயங்கி நிப்பான். அதனாலதான் அங்க ஒண்ணு விட்டு அடிக்கிறேன்.”

“இதை எப்பலேருந்து வாசிக்கிறே?”

“ஆரம்பத்துலேருந்து.”

நெட்டை அண்ணன் சித்தப்பா பக்கம் திரும்பினார். “இன்னொரு தடவை போடுங்க” என்றார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். காலடி தயங்குகிற இடத்தில் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு நான்கு விரல்கள் நான்கு பொத்தான்களில் நின்றன. யார் விரலும் சொந்தப் பொத்தானில் இல்லை. பாட்டு ஓடியது. பேஸ் தாழ்வாக வந்து படிந்தது. அதன் மேல் குரல் பயமில்லாமல் ஏறியது. எவ்வளவு அழகாகப் பாடுகிறார் இந்தக் கணக்கு டீச்சர் என்று வாலு அசந்து போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சரணம் வந்தது. காலடி கேட்டது, ஆனால் அரைகுறையாகத்தான் கேட்டது. நெட்டை அண்ணன் பொத்தானை ஏற்றிப் பார்த்தார். அப்போதும் மேலே ஏதோ ஒன்று வந்து மூடியது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். மூடுவது அவருடைய கிடார்தான்.

“வாலு, என் பொத்தானை ஒரே ஒரு தடவை நான் தொட்டுக்கவா?”

“பார்த்தியா, ஆரம்பிச்சிட்டார்!” என்றாள் அக்கா.

“ஏத்தவா?” என்று வாலு சந்தேகமாகக் கேட்டாள்.

“இல்ல. இறக்க.”

உம் அண்ணன் விரலை எடுத்து வழி விட்டார். சித்தப்பா பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டார். இரண்டாவது சரணம் தொடங்கும்போது நெட்டை அண்ணன் தன் கிடாரை அப்படியே கீழே இழுத்துவிட்டார். கிடார் கரைந்து போனது. அத்தனை நாள் உட்கார்ந்து வாசித்த கிடார்!

அந்த இடத்தில் டக்... டக்... டக்டக்... டக் என்று யாரோ படி இறங்கி வந்தார்கள். நடுவில் தயங்கி நின்றார்கள். மறுபடியும் இறங்கினார்கள். ஷெட்டுக்குள்ளேயே யாரோ வருகிற மாதிரி இருந்ததால் சித்தப்பா கதவைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா நெட்டை அண்ணனைப் பார்த்தாள். அவர் பொத்தானை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சும்மா தட்டணும்னு சொன்னது தப்பு” என்றார், பொத்தானிடம் சொல்வது போல.

அக்காவுக்கு அங்கே வேலை இருந்தது. ‘பாதிப் படியில் நீ’ வரப் போகிறதே! குரல் பொத்தானை அவள் இவ்வளவுக்கு இவ்வளவு என்று மெல்ல உயர்த்தினாள். அந்தச் சின்ன மூச்சு அத்தனை பேர் காதிலும் கேட்டது. பாட்டு முடிந்தது.

பாட்டுக்கார அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தூசி” என்றார்.

“அப்ப அனுப்பிடவா?” என்றார் சித்தப்பா.

“இருங்க சித்தப்பா” என்றாள் அக்கா. “இன்னொரு தடவை போடுங்க.”

சித்தப்பா பதறிப் போனார். “ஏம்மா, இன்னும் சரியா இல்லையா?”

“சரியா இருக்கு” என்றாள் அக்கா. “அதனாலதான் கேட்கிறேன்.”